மேட்டுப்பாளையம் டு கோத்தகிரி, சைக்கிளில், கூட்டமாக: முதல்முறை ஏறுபவர்களுக்கு

போன வருடம் மே மாதத்தில் நாங்கள் எட்டுப் பேர் இந்த ஏற்றத்துக்குக் கிளம்பினோம். கோத்தகிரி போய்ச் சேர்ந்தது மூன்று பேர். மற்ற ஐந்து பேருக்கும் கால் வலுவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர், பழம், மாற்று டியூப் எல்லாம் ஏற்றியிருந்த வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸை (இணையத்தில் எடுக்கும் அனுமதி) ஒரு பதிவெண்ணுக்கு எடுத்திருந்தோம், வந்து நின்றது வேறொரு வண்டி. தவறு எங்களுடையதுதான், யாரைக் குறை சொல்ல? ஒன்பது மணி வெயிலில் காலி பாட்டிலோடு பாதி மலையில் நின்றபோது ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள்.

இந்த பிப்ரவரியில் மறுபடி போனோம். எட்டுப் பேரும் ஏறினோம். கால்கள் பழைய கால்கள்தான், மாறியது ஏற்பாடு. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

1. எந்தச் சாலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதைகள். பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் பிரியும். ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் போகிறது. 14 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸும் லாரியும் சுற்றுலா வேனும் ஓயாது. இன்னொன்று குஞ்சப்பனை, அரவேனு வழியாகக் கோத்தகிரி. முதல்முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கோத்தகிரி சாலையை எடுங்கள். போக்குவரத்து குறைவு, ஏற்றமும் சீராக இருக்கும்.

தூரம் சுமார் 33 கி.மீ. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரிச் சரிவு நான்கரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 'அவ்வளவுதானா' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் சில கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கிட்டத்தட்டச் சமதளம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதியில் ஏறும் சரிவு சராசரியைவிட அதிகம். அதிலும் இறக்கம் என்று மூச்சு விட இடமே கிடையாது.

ஊட்டி வரை போகலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கோத்தகிரியிலிருந்து ஊட்டி இன்னும் 30 கி.மீ. பக்கம். தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடி ஏற்றம். முதல் தடவை வேண்டாம். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிச் சாலை (36 வளைவு) பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

2. மாதமும் கிழமையும்

ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை. சாலை காய்ந்திருக்கும், அடிவாரம் இன்னும் கொதிக்கத் தொடங்கியிருக்காது.

மே வேண்டாம். கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி ஒருவழியாக்குவது வழக்கம். அதாவது நீங்கள் ஏறும் சாலையில் ஊட்டி மொத்தமும் எதிரே இறங்கி வரும். எங்கள் மே மாதக் கூத்தில் இதுவும் ஒரு பகுதி. வளைவுக்கு வளைவு ஒதுங்கி நின்றே கால் மணி, அரை மணி என்று நேரம் போனது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் தள்ளிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்துச் சரிவுகளில்தான் பலமாக இறங்கும். மண்சரிவால் சாலை மூடப்படுவது புதிதல்ல. சென்னையில் மழை என்று செய்தி வந்தாலே இங்கே ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

பலாப்பழ சீசனும் கணக்கில் வர வேண்டும். ஏப்ரல், மே தாண்டிப் பழம் முற்றும்போது குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்தில் யானைகள் பழம் தேடி சாலையோரம் வந்து நிற்கும். வாசனை நம் மூக்குக்கு வருவதற்கு வெகு முன்பே அவற்றுக்கு வந்துவிடுகிறது.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். லீவு கிடைக்காவிட்டால் சனி. ஞாயிறு மதியம் இறங்கினால் வார இறுதிக் கூட்டம் முழுக்க உங்களோடு சேர்ந்து இறங்கும்.

3. ஆள் சேர்ப்பது

ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான எண்ணிக்கை. பன்னிரண்டு பேர் ஆனால் அது ஊர்வலம். கூட்டம் பிரிந்து, யார் எங்கே என்று ஃபோன் போடுவதிலேயே நேரம் போகும். மலையில் பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது.

வாட்ஸ்அப் குழுவில் முதல் நாள் இருபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதை நம்பி எதையும் பதிவு செய்யாதீர்கள். ஒரு பரீட்சை வையுங்கள். நாங்கள் கோவைக்காரர்கள் என்பதால் மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏற்றத்துக்குப் போனோம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பரங்கிமலைச் சாலை இருக்கிறது. சின்ன ஏற்றம்தான், ஆனால் ஒரே காலையில் பத்து தடவை ஏறி இறங்கினால் யாருக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துவிடும். எதுவும் இல்லாத ஊரில் மேம்பாலம். இந்தப் பரீட்சைக்கு வராதவர்களை மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், மைத்துனராக இருந்தாலும். (என்னுடையவர் வரவில்லை. மே மாதம் முதலில் திரும்பியவர் அவர்தான்.)

பயிற்சிக்கு ஆறு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு இரண்டரை மணி நேரம். கடைசி மூன்று வாரத்தில் மூன்று மணி நேரம் சீட்டைவிட்டு அதிகம் இறங்காமல் ஓட்டிப் பழகுங்கள். மலையில் கால் வலியைவிடப் பின்பக்க வலியும் இடுப்பு வலியும்தான் ஆளை இறக்கிவிடுகின்றன.

இரண்டு வேலைகளை அன்றே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் கடைசி ஆள். யார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவர்களுக்குப் பின்னால்தான் அவர் வர வேண்டும். கூட்டத்திலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். வேகமானவர் என்று அவரை முன்னால் அனுப்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இன்னொருவர் கணக்குப்பிள்ளை, காகிதமும் பணமும் அவர் கையில்.

4. சைக்கிள்

கியர் இல்லாத சைக்கிளில் ஏறியவர்கள் உண்டு. நீங்கள் அந்த ஆள் இல்லை.

லோ கியர் எவ்வளவு லோ என்பதுதான் கேள்வி. ரோடு பைக்கில் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால், ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு 8 கி.மீ. புதியவருக்கு மலையில் இதுதான் வேகம். பின்னால் 25 பல்லோடு நிற்கிற பழைய கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) என்றால் அதே 60 மிதிக்கு மணிக்குப் பத்துக்கு மேல் போயே தீர வேண்டும். முட்டியில் வலி எடுத்துவிடும். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்த ஹைபிரிட் சைக்கிளைக் கேலி செய்யாதீர்கள், புதியவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.

சர்வீஸை ஒரு வாரம் முன்பே கொடுங்கள், முதல் நாள் கொடுக்காதீர்கள். புதிதாக மாற்றிய கியர் கேபிள் நாலு நாள் ஓட்டினால் கொஞ்சம் தளரும், அப்புறம் மறுபடி முறுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் 'ஃபுல் சர்வீஸ்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் துடைத்து எண்ணெய் விட்டுத் தருவார். பிரேக் கட்டை தேய்மானம், கேபிள், பின் டயர், செயின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நிற்க வைத்து லோ கியரைப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்களில் ஒருவருக்குக் கடைசிப் பல்லுக்குப் போட்டதும் செயின் தாண்டிக் கம்பிக்குள் விழுந்தது. வீட்டு வாசலில் விழுந்ததால் சிரித்தோம்.

தலைக்கு இரண்டு டியூப், கூட்டத்துக்கு இரண்டு பம்ப், ஒரு பஞ்சர் கிட், ஒரு செயின் கட்டர். உங்கள் டியூபின் வால்வு எந்த வகை, பம்ப் அதற்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே காற்றடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பிப்ரவரியில் காலை பத்து மணிக்குக்கூட மலைமேல் பனிமூட்டம் இறங்கலாம்.

5. காகிதங்கள்

நண்பர்கள் எட்டுப் பேர் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் வசூலித்து, பேனர் கட்டி, நேரம் குறித்துப் பரிசு கொடுத்தால் அது நிகழ்ச்சி. அதற்குக் காவல்துறை, மாவட்ட நிர்வாகம் என்று வேறு கதை. 'சேலஞ்ச்' என்று டீசர்ட்டில் அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் எடுத்து வர வேண்டியவை:

ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் அசல். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல். ஒரு சின்ன அட்டையில் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண். இதை ஃபோனுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய ஃபோனை மயங்கிக் கிடப்பவரால் திறக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப் பைக்குள் வையுங்கள். 18 வயதுக்குக் கீழ் யாராவது வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், கூடவே பெற்றோரில் ஒருவர் வண்டியில் வந்தால் இன்னும் நல்லது.

நாற்பது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து இதயம் வேகமாக அடிக்கப் போகிறது என்று சொன்னால் தேவையான பரிசோதனையை அவரே எழுதுவார். சர்க்கரை மாத்திரையை அன்று காலை எப்படிப் போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவரும் வண்டியின் இ-பாஸ் தனி விஷயம். இதில்தான் நாங்கள் விழுந்தோம்.

6. கூடவரும் வண்டியும் இ-பாஸும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண், அதாவது டி.என். 43, உள்ள வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் தேவையில்லை. சைக்கிளுக்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் உங்கள் பின்னால் தண்ணீரோடு வரும் காருக்கோ வேனுக்கோ கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் போட்டார்கள். சீசனில் கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அவ்வளவுதான்.

அரசு இ-பாஸ் தளத்தில் நீலகிரி என்று தேர்ந்தெடுத்து, ஃபோனுக்கு வரும் ஒருமுறை எண்ணைப் போட்டு உள்ளே போக வேண்டும். வண்டியின் பதிவெண், வகை, எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். பத்து நிமிட வேலை. பணம் கிடையாது. பணம் கட்டச் சொல்லும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். வரும் பாஸை அச்செடுத்து டிரைவர் கையில் ஒன்று, கணக்குப்பிள்ளை கையில் ஒன்று கொடுங்கள்.

எங்கள் பொறி என்ன தெரியுமா? வாடகை வண்டிக்காரர் ஒரு பதிவெண் கொடுத்தார், அதற்குப் பாஸ் எடுத்தோம். முதல் நாள் இரவு அந்த வண்டி மக்கர் செய்ய, அதிகாலையில் வேறொரு வண்டியை அனுப்பிவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் நம்பர் வேறு. டிரைவர் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால் இப்போது வண்டி வந்து நின்றதும் நான் செய்யும் முதல் வேலை, பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நம்பர் பிளேட்டைப் படிப்பது. மாறியிருந்தால் அங்கேயே புதிதாக ஒன்று எடுக்க முயலலாம். இன்னும் சுலபமான வழி, கோத்தகிரியிலிருந்தே ஒரு டி.என். 43 வண்டியைக் கீழே வரவழைப்பது. இரண்டாம் முறை நாங்கள் செய்தது அதுதான். சாலை தெரிந்த டிரைவரும் கிடைத்தார்.

அடுத்தது, எந்த வண்டி? சைக்கிள்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்றால் எல்லாரும் முதலில் நினைப்பது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. எட்டு சைக்கிளும் ஏறும், வாடகையும் குறைவு. ஆனால் சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. களைத்துப்போன மூன்று பேரை எங்கே உட்கார வைப்பீர்கள்? முன் சீட்டில் ஒருவர்தான் உட்கார முடியும். அதனால் சீட் உள்ள வேன் எடுத்து, பின்வரிசையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிள்களை நிறுத்துங்கள். நடுவில் பழைய போர்வை வையுங்கள். இரண்டு, மூன்று பேர் களைத்தாலும் ஏறிக்கொள்ளலாம். முடிந்தவர்கள் சைக்கிளிலேயே இறங்கிவிடட்டும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி கறார். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் அங்கே தடை. ஒரு பெட்டி லிட்டர் பாட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்து அபராதமும் கட்டுவீர்கள். இருபது லிட்டர் கேன் ஒன்று, எவர்சில்வர் தூக்கு ஒன்று, சைக்கிளில் மாட்டும் பாட்டில் ஆளுக்கு இரண்டு. வாழைப்பழம், கடலைமிட்டாயைத் துணிப்பையில் போடுங்கள்.

7. மேட்டுப்பாளையம் வந்து சேர்வது

கோவையிலிருந்து 35 கி.மீ. தூரம்தான், ஆனால் சைக்கிளிலேயே வந்து மலையும் ஏறுவேன் என்ற வீரம் வேண்டாம். வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, காலை ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம் வருகிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே இரண்டு வார்த்தைகள் முக்கியம். 'லக்கேஜ்' என்று உங்கள் பயணச் சீட்டைக் காட்டிப் பதிந்தால் அது உங்கள் ரயிலிலேயே வரும். 'பார்சல்' என்று பதிந்தால் இடமிருக்கும் ரயிலில் வரும், அது நாளைக்கும் இருக்கலாம். எங்கள் சென்னை நண்பர் இந்த வித்தியாசம் தெரியாமல் வரிசையில் நின்று, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஆள் புதன்கிழமை இறங்கினார், சைக்கிள் வெள்ளிக்கிழமை இறங்கியது.

ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். பயணச் சீட்டு, அடையாள அட்டை இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். பம்ப், விளக்கு, பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். ஹேண்டில்பாரில் பெயர், ஃபோன் எண், போகும் ஊர் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். பயணிக்கு இருக்கும் இலவச எடை அளவு சைக்கிளுக்குச் செல்லாது, தனியாகக் கட்டணம் உண்டு. சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டு நாம் உட்காரும் ரயில் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோகலாமா என்றால், ரயில்வே அனுமதிக்கும் சாமான் அளவு 100 செ.மீ., 60 செ.மீ., 25 செ.மீ. சைக்கிள் பை அதற்குள் அடங்காது. சிலர் அப்படியே போகிறார்கள் என்பது வேறு விஷயம், பரிசோதகரின் மனநிலையை நம்பி உங்கள் திட்டத்தைப் போடாதீர்கள்.

ரயிலில் இறங்கிய அன்றே ஏறாதீர்கள். ஒரு நாள் முன்பாக வந்து, சைக்கிளை மாட்டி, ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பாருங்கள். இரவு எட்டரைக்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். பரோட்டா, சால்னா எல்லாம் மறுநாள் இரவுக்கு.

8. செலவு

இந்த பிப்ரவரியில் எங்களுக்கு ஆன கணக்கு இது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

சைக்கிள் சர்வீஸ் 700 ரூபாய், பிரேக் கட்டை 350, டியூப் இரண்டு 600, டாக்டர் 500. ஒருநாள் வேன், டிரைவர் படியோடு 6,500, எட்டாகப் பிரித்தால் தலைக்கு 810 சொச்சம். சாப்பாடு, டீ, பழம் 400. ஆக ஒருவருக்கு 3,360 ரூபாய் வாக்கில். ஹெல்மெட் இல்லாதவர்கள் இன்னொரு 1,500 எடுத்து வைக்க வேண்டும். இரவு தங்கினால் அறை வாடகை தனி. வேன் பணத்தை முன்கூட்டியே எல்லாரிடமும் வாங்கிவிடுங்கள். மலை ஏறி இறங்கிய பிறகு நண்பனிடம் 810 ரூபாய் கேட்பது ஏற்றத்தைவிடக் கஷ்டம்.

மிச்சம் பிடிக்க நினைத்தால் டீசர்ட்டில் பிடியுங்கள், பிரேக் கட்டையில் வேண்டாம்.

9. ஏறும் நாள்

வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று நாலரை மணிக்குக் கிளம்பச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அடிவாரம் யானை நடமாடும் காடு. இருட்டில் சைக்கிள் சத்தமில்லாமல் வரும், யானையும் சத்தமில்லாமல் நிற்கும். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். பிப்ரவரியில் அது ஆறே முக்கால். அதற்குள் ஒரு மணி நேரம் முன்பே நாலு இட்லி அல்லது இரண்டு வாழைப்பழத்தோடு பிரெட் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.

வழியில் யானையைக் கண்டால் நில்லுங்கள். தூரத்திலேயே திரும்பி, கூடவரும் வண்டி அல்லது வேறு பெரிய வண்டி பின்னால் ஒதுங்குங்கள். மணி அடிப்பது, ஃபோனை நீட்டுவது, கத்துவது எதுவும் வேண்டாம். சிறுநீர் கழிக்கக்கூடக் காட்டுக்குள் இறங்காதீர்கள்.

பாக்குத் தோப்புப் பகுதியில் எல்லாருக்கும் உற்சாகம் பொங்கும். முதல் அரை மணி நேரத்தில் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் போங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். முதல் ஏற்றத்திலேயே லோ கியருக்கு மாறுங்கள், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. செயின் இறுகிய பிறகு கியர் மாற்றினால் கடமுடவென்று சத்தம் வரும், சில நேரம் அறுந்தும் விடும்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சூட்சுமம். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், சரிவு குறைவு, மூச்சு விடலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டுவோம். சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே போவதற்கு முன்பே கியரைக் குறைத்து வையுங்கள். வளைவில் பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ்ஸின் பின்பகுதி உள்பக்கமாக நெருங்கி வரும். டிரைவர் உங்களைப் பார்த்திருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர் குடிக்கத் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. 75 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள் என்றால் இந்த ஏற்றத்துக்குத் தோராயமாக 1,300 கலோரி செலவாகும். காலையில் தின்ற இட்லி அதில் கால் பங்குக்குக்கூட வராது. முக்கால் மணிக்கு ஒரு தடவை கடலைமிட்டாய், பேரீச்சை, பழம் என்று ஏதாவது உள்ளே போக வேண்டும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அரை மணி நேரம் தலைசுற்றலோடு ஓட்ட வேண்டியதுதான்.

வண்டி உங்கள் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டாம், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிடுவார்கள். நாலு கிலோமீட்டர் முன்னால் போய், அகலமான இடம் பார்த்து, கடைசி ஆள் தாண்டும் வரை நிற்கட்டும். குஞ்சப்பனை பாதி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாரும் சேர்ந்த பிறகே அடுத்த பாதி. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், கால் இறுகிவிடும். தொடையிலோ கெண்டைக்காலிலோ பிடித்துக்கொண்டால் இறங்கி நூறு மீட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டல், வெயிலில் வியர்வை நின்றுபோவது, இதில் ஏதாவது ஒன்று என்றாலும் அவர் அதோடு வண்டியில் ஏறிவிட வேண்டும். பேச்சுவார்த்தையே கிடையாது. 108 எண்ணைக் கூப்பிடுங்கள். மேட்டுப்பாளையம், கோத்தகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.

பாதிக்கு மேல் காற்று மாறும். திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளியும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் வெள்ளித் தகடாகத் தெரியும். படம் எடுக்க வளைவில் நிற்காதீர்கள், பார்வைமுனைகளில் நில்லுங்கள். அங்கே குரங்குகள் உண்டு. எங்களில் ஒருவர் ஹேண்டில்பார் பையைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுத்தார். பேரீச்சம்பழப் பொட்டலம் மரத்துக்குப் போய்விட்டது. எடுத்துப்போன குரங்கு அதை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கொட்டையைத் துப்பிவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது.

தேயிலைத் தோட்டங்கள் நெருங்கி, அரவேனு வந்துவிட்டால் கோத்தகிரி பக்கம். இங்கே ஒரு டீ குடிக்கலாம், வர்க்கியோடு. கடைசிக் கிலோமீட்டர்களில் யாரும் முந்திப் போகக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். ஊர் எல்லையில் முதலில் வந்தவர்கள் கடைசி ஆளுக்காக இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தார்கள். நின்ற நேரத்தையும் சேர்த்து எங்களுக்கு ஆனது நாலு மணி பத்து நிமிடம். புதியவர்கள் நாலிலிருந்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

10. இறக்கம்

விபத்துக்கு வழி ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம். களைப்பு, 'முடிந்துவிட்டது' என்ற நினைப்பு, குளிரில் விறைத்த விரல், மூன்றும் சேர்ந்துகொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓய்வெடுங்கள். கை நடுங்குகிறது என்றால் வேனில் இறங்குங்கள்.

வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் பல் கிடுகிடுக்கும். வண்டியில் மாற்றுச் சட்டை, முழுக்கைக் கோட்டு, விரல் மூடிய கையுறை இருக்க வேண்டும். கோட்டு மறந்தவர்கள் கடையில் ஒரு நாளிதழ் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே மடித்து வையுங்கள், வேலை செய்யும்.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் பிரேக் (சக்கரத்தின் உலோக வளையத்தையே பிடிக்கும் பிரேக்) உள்ள சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடும். பிடித்து விடுங்கள், மறுபடி பிடித்து விடுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்தே. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடித்தால் சறுக்கும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே குறைந்தது ஐம்பது மீட்டர். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும், அது மலைச்சாலை விதி. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ரிம்மின் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள், தொடாதீர்கள். எங்கள் நண்பர் ஒருவர் தொட்டுப் பார்த்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மாலை நாலரைக்குள் பவானிப் பாலத்தைத் தாண்டிவிடும்படி கிளம்புங்கள். கீழே வந்ததும் சைக்கிள் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரிம் ஆறட்டும். அதற்குள் இளநீர்க்காரரிடம் எட்டு சொல்லிவிடலாம்.